வெந்நீர் படாமல் வெந்த தோல்

ஸ்டெஃபைலோகாக்கஸ் வெந்ததோல் நோய், பச்சிளங்குழந்தைகளையும் ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட சிறார்களையும் தாக்கும் கடுமையான தோல்நோய். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவின் சில வகைகள் ஒரு நச்சைச் சுரக்கின்றன. அது குருதியில் கலந்து உடல் முழுதும் பரவும்போது மேல்தோலின் வெளி ஏடு மட்டும் கழன்று, ஈரத் தாள்போல உரிந்து வருகிறது. கொதிநீர் கொட்டிய குழந்தையைப் போலத் தோன்றினாலும் தீயோ நீரோ பட்டிருக்காது. உரிந்த இடத்தைத் துடைத்துச் சோதித்தால் பாக்டீரியாவும் பெரும்பாலும் கிடைக்காது. அது மூக்கிலோ கண்ணோரத்திலோ தொப்புளிலோ சிறு கூட்டமாகக் குடியிருக்கும். கிருமி இருக்கும் இடம் ஒன்று, தோல் உரியும் இடம் வேறு. இந்நோயை அடையாளம் காண்பதில் நேர்ந்த நீண்டகாலக் குழப்பத்துக்கும், இன்று அதைக் குணப்படுத்தும் முறைக்கும் இதுவே அடிப்படை.

நோயின் தொடக்கம் சாதாரணமாகவே இருக்கும். மூக்கொழுகல், கண்ணில் பீளை, தொப்புளோரக் கசிவு, நாப்பி கட்டும் இடத்தில் ஒரு சிறு சிரங்கு என ஏதேனும் ஒன்று முதலில் வரும். பல குழந்தைகளில் அதுகூட யார் கண்ணிலும் படுவதில்லை. பிறகு காய்ச்சலும் சிணுங்கலும் தொடங்கும். தூக்கினால் அழுகை அடங்க வேண்டிய வயதில், தூக்கியதும் குழந்தை வீறிட்டு அழும். சாதாரண எரிச்சல் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. தோலில் கொப்புளம் எதுவும் தெரியாத நிலையிலேயே தொட்டால் வலிக்கும் என்பது இந்நோயின் தனி அடையாளம். அடுத்து வாயைச் சுற்றியும் கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களிலும் தோல் சிவந்து, அங்கிருந்து உடலெங்கும் படரும். வெளுத்த தோலில் பளிச்சென்று தெரியும் இச்சிவப்பு மாநிறத்திலும் கருநிறத்திலும் மங்கலாகவே தெரியும். பாடநூல் படங்களில் பெரும்பாலும் வெள்ளைக் குழந்தைகளே இருப்பதால், படத்தை நம்பிச் சிவப்பைத் தேடுகிறவர் தமிழ்க் குழந்தையில் அதைத் தவறவிடக்கூடும். தோலின் சூடும் தொடும்போது வரும் அழுகையுமே அங்கு நம்பத்தக்க அடையாளங்கள்.

ஓரிரு நாளில் மெல்லிய சுவருடைய, தொளதொளத்த கொப்புளங்கள் எழும்பி உடைகின்றன. மடிப்புகளிலும் உராயும் இடங்களிலும் தோல் தாள்தாளாக உரிந்து, பளபளக்கும் ஈரமான செந்தளம் வெளிப்படுகிறது. வாயைச் சுற்றிப் பொருக்குக் கட்டி, அதில் ஆரக்கால் போல வெடிப்புகள் விழும். அழுது ஓய்ந்த முதியவரின் சாயல் முகத்தில் வந்துவிடும். ஆனால் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் நலமாக இருக்கும். சிவந்த தோலை விரலால் லேசாக அழுத்தித் தள்ளினால் மேலேடு சுருண்டு நகர்வதை நிக்கோல்ஸ்கி அடையாளம் என்பார்கள். கீவ் நகரத் தோல் மருத்துவர் பியோத்தர் நிக்கோல்ஸ்கி 1896-இல் இதை விவரித்தது குழந்தைகளிடத்தில் அன்று. பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ் என்ற, பெரியவர்களுக்கு வரும் கொப்புள நோயில். இரண்டுக்கும் உள்ள உறவு விளங்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

நோயை முதலில் முறையாக எழுதிவைத்தவர் பிராக் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளின் காப்பகத்தை நடத்திய மருத்துவர் காட்ஃப்ரீட் ரிட்டர் ஃபான் ரிட்டர்ஷைன். பத்தாண்டுகளில் தம் காப்பகத்தில் கண்ட 297 குழந்தைகளைப் பற்றி அவர் 1878-இல் வெளியிட்டார். ஒரே கட்டடத்தில் இத்தனை பேர் என்பதிலிருந்தே இது தொற்று என்று இன்றைய வாசகர் ஊகித்துவிடுவார். அன்று அதைச் சொல்லக் கருவி இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழில் திராட்சைக் குலை போலக் கொத்தாகத் தெரிந்த கிருமிக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று பெயரிட்டது 1882-இல்தான். அதன் பொன்னிறக் குடியிருப்புகளைக் கண்டு ரோசன்பாக் 'ஆரியஸ்' என்று சேர்த்தது 1884-இல். கிருமிக்குப் பெயர் வருமுன்பே ரிட்டர் அதன் கைவேலையைப் பதிவுசெய்துவிட்டார். இந்நோய் இன்றும் சில நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அடுத்த குழப்பம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. பிரிட்டிஷ் தோல் மருத்துவர் ஆலன் லயல் 1956-இல் நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதி, வெந்துபோனது போல் தோல் உரியும் நிலைக்கு 'நச்சுசார் மேல்தோல் அழுகல்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அவர் விவரித்தவற்றுள் பெரும்பான்மை இன்று மருந்து ஒவ்வாமையால் வருவதாக அறியப்படும் உயிர்க்கொல்லி நோய். தோற்றம் ஒத்திருந்ததால் குழந்தைகளின் ஸ்டெஃபைலோகாக்கஸ் நோயும் அதே பெயருக்குள் புகுந்தது. சொல் ஒன்றானதும் மருத்துவமும் ஒன்றாகிப்போனது. கிருமியைக் கொல்ல வேண்டியவருக்கு ஸ்டீராய்டும், மருந்தை நிறுத்த வேண்டியவருக்குப் புதிய மருந்தும் கிடைக்கும் அபாயம் அதில் இருந்தது. 1967-இல் லயலே தம் தொகுப்பை மறுஆய்வு செய்து, காரணத்தின்படி வகைகளைப் பிரித்தார்.

முடிச்சை அவிழ்த்தது 1970-இல் மேரியன் மெலிஷ், லோவெல் கிளாஸ்கோ இருவரும் அமெரிக்காவில் செய்த சோதனை. நோயுற்ற குழந்தைகளிடமிருந்து எடுத்த ஸ்டெஃபைலோகாக்கஸைப் பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தினார்கள். குட்டிகளின் தோல் அதேபோல உரிந்தது. நிக்கோல்ஸ்கி அடையாளமும் வந்தது. குற்றவாளி கிருமி நேரடியாக அன்று, அது வெளியிடும் பொருள் என்ற முடிவுக்கு இது வழிவகுத்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்நச்சு பிரித்தெடுக்கப்பட்டது. இன்று மனிதரைப் பாதிக்கும் உரிதோல் நச்சுகளில் ஏ, பி என்ற இரண்டும் முதன்மையானவை. ஏ வகைக்குரிய மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் கொண்டுவந்து சேர்த்தது பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ். பி வகையின் மரபணு பிளாஸ்மிட் என்னும் தனி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வகைகளில் ஏறத்தாழ 5 விழுக்காடே இந்நச்சைச் சுரக்க வல்லவை. மக்களில் ஐந்தில் ஒருவருக்காவது மூக்கில் இக்கிருமி தங்கியிருந்தும் நோய் அரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நச்சு என்ன செய்கிறது என்பது 2000-ஆம் ஆண்டில் தெளிவானது. மேல்தோலின் செல்கள் டெஸ்மோசோம் எனப்படும் பொத்தான்களால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கின்றன. டெஸ்மோகிளீன் 1 என்ற புரதம் அப்பொத்தானின் கொக்கிகளில் ஒன்று. ஜப்பானின் மாசாயுகி அமகாய், அமெரிக்காவின் ஜான் ஸ்டான்லி ஆகியோரின் குழு, உரிதோல் நச்சு ஏ இந்த ஒரு புரதத்தை மட்டும் வெட்டுகிறது என்று காட்டியது. வெட்டு விழும் இடமும் பின்னர் தெரிந்தது: 381-ஆம் வரிசையிலுள்ள குளுட்டாமிக் அமிலத்துக்கு அடுத்து. பக்கத்திலுள்ள வேறெதையும் அது தொடுவதில்லை. துணி கிழிவதில்லை, ஒரு தையல் மட்டும் பிரிகிறது.

டெஸ்மோகிளீன் 1-ஐப் போலவே பணிபுரியும் இன்னொரு புரதம் டெஸ்மோகிளீன் 3. மேல்தோலின் அடியடுக்குகளில் அது நிறைய உண்டு. அங்கு முதல் கொக்கி போனாலும் இரண்டாவது தாங்கிக்கொள்ளும். வாய், கண் ஆகியவற்றின் சளிச்சவ்விலும் அதே நிலை. மேல்தோலின் மேற்பகுதியிலுள்ள குறுணை அடுக்கில் மட்டும் டெஸ்மோகிளீன் 1 தனியாக நிற்கிறது. ஆகவே பிளவு அங்கேதான் விழுகிறது. வாய் தப்புவது, கொப்புளச் சுவர் மெல்லியதாகத் தொளதொளப்பது, ஆறிய பின் வடு விழாதது என நோயாளியின் படுக்கையருகே காணும் எல்லாவற்றுக்கும் இந்த ஆழமே விடை. செல்களைப் பெருக்கும் அடியடுக்கு சேதமின்றி இருப்பதால் மூடுதோல் விரைவில் முளைத்துவிடுகிறது. மருந்து ஒவ்வாமை நோயில் மேல்தோல் முழு ஆழமும் மடிந்து விழும், வாயும் கண்ணும் புண்ணாகும், உயிர்ச்சேதம் பன்மடங்கு.

நிக்கோல்ஸ்கி பார்த்த பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ் நோயாளிகளில் உடலே தன் டெஸ்மோகிளீன் 1-க்கு எதிராக எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. காரணம் வேறானாலும் குறி அதே புரதம், பிளவு அதே அடுக்கு. விரலால் தள்ளினால் தோல் நகரும் ஒற்றுமை தற்செயல் இல்லை என்பது இப்படித்தான் விளங்கியது. பன்றி வளர்ப்போர் அறிந்த ஒரு நோயும் இவ்வரிசையில் வருகிறது: பால்குடிக் குட்டிகளின் தோல் எண்ணெய் பிசுக்கோடு கசிந்து பொருக்குக் கட்டும் அந்நோயில், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹைகஸ் என்ற உறவுக் கிருமி பன்றியின் டெஸ்மோகிளீன் 1-ஐ வெட்டுகிறது.

குழந்தைகளை மட்டும் இந்நோய் குறிவைப்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. நச்சை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தினுடையது. கைக்குழந்தையின் சிறுநீரக வடிகட்டும் திறன் வளர்ந்தவர்களின் அளவை எட்ட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை நச்சு குருதியில் நெடுநேரம் சுற்றுகிறது. மற்றொன்று எதிர்ப்பொருள். தாயிடமிருந்து பெற்றது சில மாதங்களில் தேய்ந்துவிடும். சொந்தமாக உருவாவதற்கு இக்கிருமியோடு பலமுறை பழக வேண்டும். பெரியவர்களில் பெரும்பாலோரிடம் அது இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கும் பெரிய வயதில் இந்நோய் அரிதாக வருவது இவ்விரு விளக்கங்களுக்கும் சான்று. மருத்துவம் கிடைத்த குழந்தைகளில் இறப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பெரியவர்களிலோ அடிப்படை நோயும் சேர்ந்துகொள்வதால் பாதிப்பேர்வரை இறக்கக்கூடும்.

எதிர்ப்பொருள் ஓரளவு இருக்கும் குழந்தையில் நச்சு குருதியில் பரவ முடியாமல் கிருமி இருக்கும் இடத்திலேயே வேலை செய்கிறது. அப்போது வருவது கொப்புளச் சிரங்கு. அங்கே கொப்புளத்துக்குள்ளேயே கிருமி இருக்கும். நீரை எடுத்து வளர்த்தால் முளைக்கும். வெந்ததோல் நோயில் கொப்புள நீர் பெரும்பாலும் கிருமியற்றது. இரண்டும் ஒரே நோயின் இரு முனைகள். இடைப்பட்ட நிலைகளும் உண்டு.

நோயை உறுதிசெய்வது பெரும்பாலும் கண்ணாலும் கையாலும்தான். மூக்கு, தொண்டை, கண், தொப்புள், ஆசனவாய் ஓரம் ஆகிய இடங்களில் பஞ்சால் துடைத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். குழந்தைகளில் குருதி வளர்ப்பு பெரும்பாலும் எதையும் காட்டாது. அதை வைத்து ஸ்டெஃபைலோகாக்கஸ் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஐயம் நீடித்தால் உரிந்த தோலின் ஒரு துண்டை உறையவைத்துச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பதுண்டு. வெளி ஏடு மட்டும் தெரிந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ். முழு மேல்தோலும் செத்து வந்திருந்தால் மருந்து ஒவ்வாமை. சிறிது நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

ஒத்த தோற்றமுள்ள நோய்கள் பல. செம்புள்ளிக் காய்ச்சலில் தோல் உப்புத்தாள்போலச் சொரசொரக்கும், நாக்கு செம்புற்றுப் பழம்போல் சிவக்கும். கவாசாகி நோயில் காய்ச்சல் ஐந்து நாளுக்கு மேல் நீடித்து, இரண்டாம் வாரத்தில் விரல் நுனிகளில் தோல் உரியும். பிறவிக் கொப்புள நோய்கள் முதல் நாளிலிருந்தே தொடர்பவை. இவற்றைவிடச் சிக்கலானது உண்மையான வெந்நீர்க் காயத்தோடு ஏற்படும் குழப்பம். உடலெங்கும் தோல் உரிந்த குழந்தையோடு வந்து, "ஒன்றும் கொட்டவில்லை" என்று சொல்லும் பெற்றோரை மருத்துவர் சந்தேகிப்பது இயல்பு. குழந்தையைத் துன்புறுத்தியதாகப் பழி விழக்கூடிய இடம் இது. வெந்நீர்க் காயத்துக்கு நீர் வழிந்த தடமோ நீரில் அமிழ்த்திய எல்லைக்கோடோ இருக்கும். காயத்தின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். வெந்ததோல் நோய் மடிப்புகளில் தொடங்கி இருபுறமும் ஒத்துப் படரும், முன்னதாகக் காய்ச்சல் இருக்கும். தமிழ்நாட்டில் வேறொரு தவறான பாதையும் உண்டு. கொப்புளத்தோடு காய்ச்சல் வந்தால் அம்மை என்றெண்ணி வேப்பிலை கட்டி வீட்டிலேயே வைத்திருப்பதும், அக்கி என்று காவி எழுதுவதும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சின்னம்மைக் கொப்புளம் தனித்தனி முத்தாக எழும்பும். தோல் தாளாக உரியாது. உரிந்த தோலில் காவியோ மஞ்சளோ பூசுவது வேறு கிருமிகளுக்கு வாசல் திறப்பதாகும்.

இந்நோய்க்கு மருத்துவமனைச் சேர்க்கை தேவை. முதல் வேலை, மறைந்திருக்கும் கிருமிக் கூட்டத்தை ஒழிப்பது. பென்சிலினை உடைக்கும் நொதி இக்கிருமியிடம் இருப்பதால் சாதாரண பென்சிலின், அமாக்சிசிலின் பயன்படா. கிளாக்சசிலின், ஃப்ளூகிளாக்சசிலின், செஃபசோலின் போன்றவை நரம்பூசி வழியாகச் செலுத்தப்படுகின்றன. பாக்டீரியா புரதம் தயாரிப்பதையே நிறுத்தும் கிளிண்டாமைசினைச் சேர்த்தால் நச்சுச் சுரப்பு குறையும் என்று கருதிப் பலர் சேர்க்கிறார்கள். அது மட்டும் போதும் என்று நம்ப முடியாத அளவுக்கு அதை எதிர்க்கும் வகைகளும் பெருகியுள்ளன. மெதிசிலினுக்கு அடங்காத வகை என ஐயமிருந்தால் வேன்கோமைசின். மருந்து தொடங்கிய பின்னும் ஓரிரு நாள் புதிதாகத் தோல் உரிவது பெற்றோரைக் கலங்கடிக்கும். மருந்து கிருமியைத்தான் கொல்கிறது. ஏற்கெனவே குருதியில் கலந்த நச்சைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும்.

ஸ்டீராய்டு இங்கே தீங்கானது. நோயெதிர்ப்பைக் குன்றச் செய்து நிலையை மோசமாக்கும். ஸ்டீராய்டும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த களிம்புகள் மருந்துச் சீட்டில்லாமலே கைக்கு வரும் நாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தீக்காயத்துக்கு வீட்டில் வைத்திருக்கும் சில்வர் சல்ஃபாடையசின் களிம்பும் பொருந்தாது. தடுப்பில்லாத பரந்த பரப்பின் வழியே அது உடலுக்குள் உறிஞ்சப்படும். சிறுநீரகத்துக்குச் சுமையாகும் இபுப்ரோஃபென் வகை வலிமாத்திரைகளைத் தவிர்த்து பாராசிட்டமாலும், தேவைப்பட்டால் மார்ஃபின் வகையும் கொடுப்பார்கள். இந்நோயின் வலி குறைத்து மதிப்பிடப்படும் ஒன்று. உடை மாற்றுவதும் எடை பார்ப்பதும்கூட வேதனை தரும். தொடும் வேலைகளை எண்ணிக் குறைத்து, வலிமருந்து கொடுத்த பின் ஒரே தடவையில் செய்வது நல்ல செவிலியரின் வழக்கம். பிளாஸ்திரி ஒட்டக் கூடாது, பிய்க்கும்போது தோலும் கூடவே வரும். ஊசிக்குழாயைக்கூடத் துணிச்சுற்றால் நிறுத்துவார்கள். உரிந்த இடத்தில் வெறும் வாஸ்லின் தடவி, ஒட்டாத கட்டுத்துணி போட்டால் போதும்.

எடையோடு ஒப்பிட்டால் பச்சிளங்குழந்தையின் தோல் பரப்பு வளர்ந்தவரைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மேலேடு போனால் நீரும் வெப்பமும் அப்பரப்பு முழுதும் கசிந்து வெளியேறும். ஆகவே நீரிழப்பை ஈடுகட்டுவதும் உடல் குளிராமல் காப்பதும் நுண்ணுயிர்க்கொல்லிக்குச் சமமான மருத்துவம். இவை சரியாக நடந்தால் பத்துப் பதினான்கு நாளில் செதில் உதிர்ந்து புதுத்தோல் வந்துவிடும். சில காலம் நிறம் சற்று மாறியிருக்கலாம், வடு இருக்காது.

நச்சைச் சுரக்கும் வகைகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஜப்பானில் மெதிசிலினுக்கு அடங்காதவை இந்நோயில் கணிசமாகக் காணப்படுகின்றன. நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொப்புளச் சிரங்கு பெருமளவில் பரவியது. ஃபுசிடிக் அமிலக் களிம்புக்கு அடங்காத, உரிதோல் நச்சு மரபணுக்களையும் சுமந்த ஒரே கிளைவகைதான் அதற்குக் காரணம். சிரங்குக்குத் தடவ அங்கே அதிகம் பயன்பட்டதும் அதே களிம்பு.

மகப்பேற்று மனைகளில் இந்நோய் கொத்தாக வருவது ரிட்டர் காலத்திலிருந்து தொடர்கிறது. கிருமி குழந்தைக்குக் குழந்தை தாவுவது பெரும்பாலும் கைகள் மூலம். இதைத் தடுக்க 1950, 60-களில் மேலை நாட்டு மருத்துவமனைகள் பிறந்த குழந்தைகளை 3 விழுக்காடு ஹெக்சகுளோரோஃபீன் கலந்த திரவத்தில் குளிப்பாட்டின. அது பலனும் தந்தது. ஆனால் அம்மருந்து தோல் வழியே உறிஞ்சப்பட்டு மூளையைத் தாக்கும் என்பது தெரியவர, 1971 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. குளியலை நிறுத்திய மருத்துவமனைகள் பலவற்றில் ஸ்டெஃபைலோகாக்கஸ் தொற்று மீண்டும் தலைதூக்கியது. மறு ஆண்டு பிரான்சில், ஒரு பவுடரில் தவறுதலாக 6 விழுக்காட்டுக்கும் மேல் ஹெக்சகுளோரோஃபீன் கலந்துபோய் 36 குழந்தைகள் இறந்தன. பச்சிளந்தோலில் தடவுவது ஏறக்குறைய குழந்தைக்கு ஊட்டுவதற்குச் சமம் என்பது அப்போதுதான் பரவலாக உறைத்தது.

இன்று தொப்புள் பராமரிப்பில் அந்த எச்சரிக்கை தெரிகிறது. தெற்கு நேபாளத்தில் 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், தொப்புளில் குளோர்ஹெக்சிடின் தடவியபோது கடுமையான தொப்புள் தொற்று நான்கில் மூன்று பங்கும், இறப்பு 24 விழுக்காடும் குறைந்தன. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் இதை எல்லோருக்கும் விதிக்கவில்லை. முதலில் சிசு இறப்பு மிகுந்த பகுதிகளில் வீட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கே முதன்மையாகப் பரிந்துரைத்தது. மற்ற இடங்களில் தொப்புளை எதுவும் பூசாமல் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்தால் போதும் என்றது.

மருத்துவமனையில் ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவில் இரண்டாவது குழந்தைக்குத் தோல் உரிந்தாலே அதை நோய்ப் பரவலாகக் கொள்வது வழக்கம். நோயுற்ற குழந்தைகளைத் தனியறைக்கு மாற்றி, பணியாளர்களின் மூக்கிலும் கையிலுள்ள தோல்நோய்களிலும் கிருமியைத் தேடுகிறார்கள். கிடைத்த கிருமியின் மரபணுவைக் குழந்தையுடையதோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றா என்பது தெரிந்துவிடும். அவ்வாறு கண்டறியப்படுபவர் பெரும்பாலும் நோய் எதுவுமில்லாத, தம்மிடம் கிருமி இருப்பதே அறியாத ஒருவர். அவருக்கு ஐந்து நாள் மூக்கில் மியூபிரோசின் களிம்பு தடவி, குளோர்ஹெக்சிடின் குளியல் கொடுத்து, மறுசோதனைக்குப் பின் பணிக்கு அனுப்புகிறார்கள். வீட்டிலும் இதே கிருமி தாயிடமோ மூத்த குழந்தையிடமோ இருக்கக்கூடும் என்றாலும், நோய் திரும்ப வந்தாலொழிய எல்லோருக்கும் களிம்பு கொடுப்பதில்லை. கண்டபடி தடவினால் மியூபிரோசினுக்கும் அடங்காத வகை உருவாகும்.